சிவப்பு அடையாள அட்டையோடு ஊரிலிருந்து ஒரு பிள்ளையைத் தத்தெடுப்பது

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் வசிக்கும் ஒரு தம்பதியர் கேட்ட கேள்விக்கான பதில் இது. இருவரும் இந்தியக் குடிமக்கள். இங்கே நிரந்தர வசிப்பிடத் தகுதி பெற்றுச் சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவர்கள். திருமணமாகிப் பதினான்கு ஆண்டுகளாகியும் பிள்ளை இல்லை. கணவரின் தம்பி இரண்டு ஆண்டுகளுக்கு முன் புதுக்கோட்டைப் பக்கம் நடந்த ஒரு சாலை விபத்தில் தவறிவிட்டார். அவருடைய மனைவியிடம் ஏழு வயதில் ஒன்றும் மூன்று வயதில் ஒன்றுமாக இரண்டு பெண் பிள்ளைகள். சின்னவளை இவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று வீட்டுப் பெரியவர்கள் பேசி முடித்திருக்கிறார்கள். பிள்ளையைச் சுற்றுலாப் பயணியாக அழைத்து வந்து, சில மாதம் வீட்டில் வைத்திருந்து, பிறகு பினாங்கு நீதிமன்றத்தில் தத்தெடுத்துவிட முடியுமா, அப்படித் தத்தெடுத்தால் அவளுக்கும் சிவப்பு அட்டையோ நாளடைவில் குடிமக்களுக்கான நீல அட்டையோ கிடைத்துவிடுமா என்பதே அவர்கள் கேட்பது.

பினாங்கில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகளாகக் குடும்பக் கோப்புகளைக் கையாண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: நிரந்தரவாசிகள் தத்தெடுக்க முடியும். ஆனால் பிள்ளையை முதலில் கொண்டுவந்துவிட்டுப் பிறகு தாள்களைச் சரிசெய்துகொள்ளலாம் என்ற எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள். அட்டையைப் பொறுத்தவரை, தத்தெடுத்த காரணத்தாலேயே பிள்ளைக்கு எந்த நிற அட்டையும் தானாக வந்து சேராது.

மலேசியச் சட்டம் இதில் என்ன கேட்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்கள் நீதிமன்றத்தின் வழியே தத்தெடுப்பது 1952ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டத்தின்படி, அதாவது சட்டம் 257இன்படி நடக்கிறது. உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம், செஷன்ஸ் நீதிமன்றத்துக்கும் போகலாம். அது விண்ணப்பதாரரின் விருப்பம். அந்தச் சட்டம் விண்ணப்பதாரரின் குடியுரிமையைக் கேட்பதில்லை. அவர் தீபகற்ப மலேசியாவில் வழக்கமாக வசிக்கிறாரா என்றுதான் கேட்கிறது. பட்டர்வொர்த்தில் வீடு வாங்கி, இங்கேயே வேலை பார்த்து, வருமான வரி கட்டி வரும் நிரந்தரவாசிக்கு அந்தக் கேள்வியால் இடைஞ்சல் வராது. இருபத்தைந்து வயது நிறைந்தவராகவும் பிள்ளையைவிட இருபத்தோரு வயதாவது மூத்தவராகவும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உங்களுக்குப் பிரச்சினையில்லை. நெருங்கிய உறவினருக்கு அதிலும் தளர்வு உண்டு.

சிக்கல் அடுத்த வரியில் இருக்கிறது. தத்தெடுப்பவர் மட்டுமல்ல, பிள்ளையும் இங்கே வழக்கமாக வசிப்பவளாக இருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அதோடு, உத்தரவு வழங்கப்படும் நாளுக்கு முன் குறைந்தது மூன்று மாதம் அவள் இடைவிடாமல் உங்கள் பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும். தத்தெடுக்கும் எண்ணத்தைச் சமூக நல இலாகாவுக்கு அதே அளவு காலத்துக்கு முன்பே தெரிவித்திருக்கவும் வேண்டும். முப்பது நாள் வருகை முத்திரையோடு பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் வந்திறங்கிய மூன்று வயதுப் பிள்ளையை எந்த வழக்கறிஞரும் ‘இங்கே வழக்கமாக வசிப்பவள்’ என்று நீதிபதியின் முன் நிறுத்த முடியாது. முத்திரையின் காலம் முடிந்த பின்னும் வைத்திருந்து நாளைக் கூட்டிக்கொள்ளலாம் என்று சிலர் காதோடு காதாக யோசனை சொல்வார்கள். அது குடிநுழைவுச் சட்டப்படி குற்றம் என்பது ஒரு புறமிருக்க, நீதிமன்றம் நியமிக்கும் சமூக நல அதிகாரி பிள்ளையின் கடப்பிதழைத்தான் முதலில் கேட்பார் என்பதையும் அவர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

அந்த அதிகாரியின் வருகை எப்படியிருக்கும் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீடு. புதுத் திரைச்சீலை, மேசை நிறைய முறுக்கும் கேசரியும். வந்த அம்மையார் எதையும் தொடவில்லை. பிள்ளையிடம் மண்டியிட்டு உட்கார்ந்து, “ராத்திரி எங்கே படுத்துக்குவே?” என்று கேட்டார். பிள்ளை அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கட்டிலையும், கட்டிலுக்கு அடியில் தான் ஒளித்து வைத்திருந்த மைலோ டின்னையும் காட்டியது. அந்த டின்னைப் பற்றி அறிக்கையில் ஒரு முழு வரி எழுதியிருந்தார். அவர்கள் வசதியைத் தேடி வருவதில்லை. பிள்ளை அந்த வீட்டில் ஊன்றியிருக்கிறதா என்று பார்க்கத்தான் வருகிறார்கள்.

எனவே உங்கள் விஷயத்தில் தத்தெடுப்பு முதலில் நடக்க வேண்டிய இடம் பினாங்கு அல்ல, தமிழ்நாடு. அங்கேதான் கவனம் அதிகம் தேவை.

இந்தியாவின் சிறார் நீதிச் சட்டம் (2015) வெளிநாட்டுக்குப் பிள்ளையைக் கொண்டுபோகும் எல்லாத் தத்தெடுப்பும் தன் வழியாகத்தான் நடக்க வேண்டும் என்கிறது. செல்லத்தக்க உத்தரவு இல்லாமல் ஒரு பிள்ளையை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்வதும் அனுப்புவதும், அதற்கான ஏற்பாட்டில் பங்கெடுப்பதும் தண்டனைக்குரிய குற்றம்; மூன்று ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ‘பங்கெடுப்பது’ என்ற சொல்லுக்குள் பிள்ளையின் தாயும் வருவார், நடுவிலிருந்து பேசி முடித்த மாமாவும் வருவார். ஊரில் பஞ்சாயத்து வைத்து, கோயிலில் மாலை மாற்றிப் பிள்ளையை மடியில் வைத்துவிட்டால் போதும் என்று நினைக்கும் பெரியவர்களுக்கு இதை நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள்.

உங்களுக்குச் சாதகமான ஒன்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. வெளிநாட்டில் வாழும் உறவினர், இந்தியாவிலுள்ள உறவினரின் பிள்ளையைத் தத்தெடுக்கத் தனி வழி வகுத்திருக்கிறார்கள். முன்பின் தெரியாத பிள்ளைக்காகக் காத்திருப்போர் வரிசையில் நீங்கள் நிற்க வேண்டியதில்லை. அங்கே தம்பதியரின் கூட்டு வயதுக்கு வைக்கப்பட்டுள்ள உச்சவரம்பும் உறவினருக்குப் பொருந்தாது. ஆனால் ‘உறவினர்’ என்ற சொல்லுக்குச் சட்டம் வைத்திருக்கும் பொருள் நம் வீட்டுப் பொருளைவிட மிகவும் குறுகியது. பிள்ளைக்கு நீங்கள் பெரியப்பாவாக, சித்தப்பாவாக, அத்தையாக, மாமாவாக, பெரியம்மாவாக, சின்னம்மாவாக இருக்க வேண்டும். அல்லது தாத்தா பாட்டியாக இருக்க வேண்டும். அதுவும் உடன்பிறப்பு வழியாக. நாம் சித்தப்பா மகனையும் தம்பி என்போம், பெரியம்மா மகளையும் தங்கை என்போம். சட்டம் அப்படிச் சொல்வதில்லை. ‘தம்பி மகன்’ என்று நான்கு மாதம் தாள் சேர்த்த ஒருவரின் கோப்பில், தம்பியின் தந்தை பெயரும் இவர் தந்தை பெயரும் வேறாக இருப்பதை நாங்களே கடைசியில்தான் கவனித்தோம். ஒன்றுவிட்ட தம்பி. தமிழில் அந்த ‘ஒன்றுவிட்ட’ என்பதை யார் வாய்விட்டுச் சொல்கிறார்கள்? உங்கள் விஷயத்தில் இறந்தவர் உடன்பிறந்த தம்பி என்பதால் நீங்கள் பிள்ளைக்கு நேர்ப் பெரியப்பா, வழி திறந்திருக்கிறது.

அந்த வழியில் மையமாக இருப்பது மத்தியத் தத்தெடுப்பு வள ஆணையம். சுருக்கமாகக் காரா என்பார்கள். டில்லியில் 1990இல் ஏற்படுத்தப்பட்டது. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் அந்தந்த நாட்டிலுள்ள அங்கீகாரம் பெற்ற முகமை வழியாகவோ, அந்நாட்டின் மத்திய அதிகாரம் வழியாகவோ போக வேண்டும் என்பது பொது விதி. இங்கேதான் மலேசியாவில் இருப்பவர்களுக்கு ஒரு தனிப்பட்ட சங்கடம். நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்புக்கான 1993ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2003இல் இணைந்துவிட்டது, மலேசியா இணையவில்லை. ஆகவே காராவுக்குக் கடிதம் எழுதக்கூடிய ‘மத்திய அதிகாரம்’ என்ற ஒன்று இங்கே கிடையாது. அப்படிப்பட்ட நாடுகளில் வாழ்வோர் அந்நாட்டு அரசுத் துறையையோ இந்தியத் தூதரகத்தையோ அணுக வேண்டும். நம்மைப் பொறுத்தவரை அது கோலாலம்பூரிலுள்ள இந்தியத் தூதரகம். வீட்டு ஆய்வறிக்கை, வருமானச் சான்று, மருத்துவச் சான்று, காவல்துறை நன்னடத்தைச் சான்று, திருமணச் சான்று எல்லாம் அந்த வழியாகவே காராவின் இணையப் பதிவுக்குள் போகும்.

பிள்ளை போய்ச் சேரும் நாடு அவளை உள்ளே விடும், தங்கவும் விடும் என்பதற்கான எழுத்துச் சான்றையும் இந்தியத் தரப்பு எதிர்பார்க்கும். அதனால்தான் நான் எல்லோரிடமும் குடிநுழைவு இலாகாவில் தொடங்குங்கள் என்கிறேன். தத்தெடுப்பு உத்தரவைக் கையில் வாங்கிய பிறகு இங்கே வந்து அனுமதி கேட்பது தலைகீழான வரிசை. நிரந்தரவாசியின் பிள்ளைக்கு நீண்டகாலச் சமூக வருகை அனுமதியோ, பின்னர் நிரந்தரமாகத் தங்குவதற்கான நுழைவு அனுமதியோ வழங்குவது அதிகாரிகளின் விருப்புரிமை. சட்டம் அதை உங்கள் உரிமையாகத் தரவில்லை. உறவுமுறை, பிள்ளையின் வயது, தந்தையின் இறப்புச் சான்று, உங்கள் வருமானம் ஆகியவற்றோடு ஒரு விளக்கக் கடிதம் எழுதி, பதிலையும் எழுத்திலேயே கேளுங்கள். முகப்பில் இருப்பவர் “போலே, போலே” (முடியும், முடியும்) என்று தலையாட்டியதை நம்பி விமானச் சீட்டு வாங்காதீர்கள்.

தமிழ்நாட்டில் கோப்பு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக மாவட்ட ஆட்சியரிடம் போகும். முன்பு நீதிமன்றம் தந்த தத்தெடுப்பு உத்தரவை 2021ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், 2022 செப்டம்பர் முதல், ஆட்சியரே பிறப்பிக்கிறார். இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது சட்டத்தின் வரி. கையில் ஆறு மாதத்துக்கான பொறுமையை வைத்துக்கொண்டு தொடங்குவது உங்கள் இரத்த அழுத்தத்துக்கு நல்லது. உத்தரவு வந்த பின் காராவின் தடையின்மைச் சான்று, அதன் பிறகு உங்கள் பெயர் தாங்கிய பிறப்புச் சான்று, கடப்பிதழ் என்று போகும். வெளிநாட்டுத் தத்தெடுப்புக்கு இரண்டு ஆண்டு தொடர் அறிக்கையும் உண்டு: முதலாண்டில் மூன்று மாதத்துக்கு ஒன்று, அடுத்த ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒன்று.

இந்து தத்தெடுப்புச் சட்டம் 1956 இருக்கிறதே, சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பத்திரம் பதிந்தால் போதாதா என்று கேட்பீர்கள். கேட்காதவர் இல்லை. கொடுத்தல், எடுத்தல் முறையாக நடந்திருந்தால் அந்தத் தத்து இந்தியாவுக்குள் செல்லும். ஆனால் பிள்ளையை விமானத்தில் ஏற்ற அந்தப் பத்திரம் மட்டும் போதாது. அப்படித் தத்தெடுத்தவர்களும் மாவட்ட ஆட்சியரின் சரிபார்ப்பையும் காராவின் தடையின்மைச் சான்றையும் பெறுவதற்கு 2021 செப்டம்பரில் தனி விதி கொண்டுவந்தார்கள். எப்படிப் போனாலும் காராவின் கதவைத் தட்டியாக வேண்டும் என்பதால், உறவினர் வழியில் நேராகப் போவதே சுத்தம் என்பது என் கருத்து.

பெயர் விஷயத்தில் ஒரு முன்னெச்சரிக்கை. உங்கள் சிவப்பு அட்டையில் தந்தை பெயர் ஒரு விதமாகவும், இந்தியக் கடப்பிதழில் குடும்பப் பெயர்ப் பகுதியில் வேறு விதமாகவும், தம்பியின் பள்ளிச் சான்றில் முதலெழுத்து மட்டுமாகவும் இருக்க வாய்ப்பு மிகுதி. உடன்பிறந்தவர்கள் என்று நிரூபிப்பதே இந்த வழக்கின் அச்சாணி என்பதால், தந்தை பெயர் இரு சகோதரர்களின் தாள்களிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ‘சுப்ரமணியம்’ என்ற ஒரே தாத்தா ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதப்பட்ட கோப்பு ஒன்று, வாரிசுச் சான்றும் உறுதிமொழிப் பத்திரமும் சேர்ந்து சரியாக எட்டு மாதம் தாமதமாயிற்று.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. பிள்ளையின் தாய் உண்மையிலேயே மனமுவந்து கொடுக்கிறாரா? உங்கள் கேள்வியில் ‘பெரியவர்கள் பேசி முடித்திருக்கிறார்கள்’ என்று இருக்கிறது; அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. கணவன் இறந்த பின் சட்டப்படி அவரே பிள்ளையின் காப்பாளர். அவர் சம்மதம் இல்லாமல் எதுவும் நகராது. ஐந்து வயது நிரம்பிய பிள்ளையாக இருந்தால் பிள்ளையின் சம்மதத்தையும் கேட்பார்கள். அதிகாரி தனியே அழைத்துக் கேட்கும்போது தாய் அழுதுவிட்டால் கோப்பு அங்கேயே நின்றுவிடும்; நிற்கத்தான் வேண்டும். மாமியார் வீட்டில், இரண்டு பெண் பிள்ளைகளோடு, சொந்த வருமானம் இல்லாமல் இருக்கும் ஓர் இளம் விதவை ‘சரி’ என்று சொல்வதற்கும் சம்மதத்துக்கும் தூரம் அதிகம். ஏழு வயது அக்காளிடமிருந்து தங்கையைப் பிரிப்பதையும் யோசியுங்கள். மாதம் ஐந்நூறு வெள்ளி (ரிங்கிட்) ஊருக்கு அனுப்பி, இரண்டு பிள்ளைகளையும் அவர்களுடைய தாயிடமே வளரவிட்டு, பள்ளி விடுமுறைக்கு இங்கே அழைத்து வந்து வைத்துக்கொண்ட ஒரு பெரியப்பாவையும் எனக்குத் தெரியும். உங்கள் மனைவியின் ஏக்கத்துக்கு அது மருந்தாகாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு முறை நீங்கள் இருவர் மட்டும் போய், பெரியவர்கள் இல்லாத நேரத்தில் அவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

பிள்ளை வந்து சேர்ந்த பிறகு செய்ய வேண்டியவையும் உண்டு. அடுத்தவர் பிள்ளையைப் பராமரிப்பில் எடுத்துக்கொள்பவர் ஒரு வாரத்துக்குள் பாதுகாவல் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் சொல்கிறது. இந்திய உத்தரவு கையில் இருந்தாலும் சமூக நல இலாகாவில் ஒரு முறை பதிந்துவைப்பது பின்னால் உதவும். நீண்டகால அனுமதியோடு அவள் இங்கே நிலைத்த பிறகு, சட்டம் 257இன்படி மலேசிய நீதிமன்ற உத்தரவு ஒன்றையும் வாங்க முயலுங்கள். அதற்குக் காரணம் சொத்து. உயில் எழுதாமல் இறக்கும் முஸ்லிம் அல்லாதவரின் சொத்தைப் பங்கிடும் 1958ஆம் ஆண்டுச் சட்டம், ‘பிள்ளை’ என்ற சொல்லில் 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தத்தெடுக்கப்பட்ட பிள்ளையைச் சேர்த்துக்கொள்கிறது. வேறு வகையில் தத்தெடுக்கப்பட்டவரைச் சேர்ப்பதில்லை. புதுக்கோட்டை ஆட்சியரின் உத்தரவை வைத்துக்கொண்டு பட்டர்வொர்த் வீட்டுக்கு அவள் உரிமை கோரினால் தகராறுதான் மிஞ்சும். மலேசிய உத்தரவு வரும் வரை காத்திராமல், பிள்ளை வந்த வாரமே இருவரும் உயில் எழுதி, அதில் அவளுக்குக் காப்பாளரையும் குறிப்பிட்டுவிடுங்கள்.

தேசியப் பதிவிலாகாவில் சட்டம் 253இன்படி தத்துப் பதிவு செய்யும் இன்னொரு வழியும் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையை இரண்டு ஆண்டு தொடர்ந்து வளர்த்திருக்க வேண்டும். செலவு குறைவு, வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் அது வாரிசுரிமையைத் தராது. பினாங்கிலுள்ள தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்குச் சட்டம் 257 பொருந்தாததால் இந்தப் பதிவுதான் வழி. இந்தியத் தரப்பில் சிறார் நீதிச் சட்டம் எல்லா மதத்தாருக்கும் திறந்தது என்பதை இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல் உறுதிப்படுத்தியிருக்கிறது.

அட்டைக்கு வருகிறேன். உங்களுக்கு இங்கேயே ஒரு பிள்ளை பிறந்திருந்தால், பெற்றோரில் ஒருவர் நிரந்தரவாசியாக இருந்தாலே அது குடியுரிமை பெறும் என்று கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை நெடுங்காலம் சொல்லி வந்தது. ‘நிரந்தரவாசி’ என்ற அந்தப் பகுதியையே நீக்கும் திருத்தத்தை மக்களவை 2024 அக்டோபர் 17ஆம் நாள் நிறைவேற்றிவிட்டது. பெற்ற பிள்ளைக்கே வாசல் குறுகும்போது, வெளிநாட்டில் பிறந்து தத்தெடுக்கப்பட்ட பிள்ளைக்கு அந்த வாசல் இருந்ததே இல்லை. 2021 நவம்பரில் ஒரு வளர்ப்புப் பிள்ளை மலேசியக் குடிமகன் என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்ததைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அந்தப் பிள்ளை இந்த மண்ணில் பிறந்து, பெற்றவர் யாரென்றே தெரியாமல் விடப்பட்டது என்பதே அந்தத் தீர்ப்பின் அடிப்படை. உங்கள் பிள்ளைக்குத் தாய் தந்தை யாரென்று தெரியும், நாடு எதுவென்றும் தெரியும். அவள் இந்தியக் கடப்பிதழோடு, இந்தியக் குடிமகளாகத்தான் இங்கே வளர்வாள். பத்தாண்டுக்கு மேல் இங்கே வாழ்ந்த நீங்கள் பின்னாளில் குடியுரிமை வாங்கினால், வயது வரம்புக்குட்பட்ட இளையோரைக் குடிமக்களாகப் பதிந்துகொள்ள அரசுக்குச் சிறப்பு அதிகாரம் தரும் 15அ பிரிவின் கீழ் அவளுக்காக விண்ணப்பிக்கலாம். அது விண்ணப்பம்தான், உத்தரவாதமல்ல.

இதற்காக ஊருக்குப் பலமுறை போய் வர வேண்டியிருக்கும். ஒரு தடவை இரண்டு மூன்று மாதம் தங்கவும் நேரலாம். புறப்படுவதற்கு முன் உங்கள் இருவரின் கடப்பிதழையும் எடுத்து, நிரந்தரவாசியாகத் திரும்பி வரத் தேவையான மீள்நுழைவு அனுமதி எந்தத் தேதி வரை இருக்கிறது என்று பாருங்கள்.